பாலையிற் பழமை தேடிய தனிப் பயணிகள்

நைல் நதியின் மேற்குக் கரையிலிருந்து லிபிய நாட்டின் எல்லை வரை பரந்து கிடக்கும் எகிப்தின் மேலைப் பாலைவனம் ஏறக்குறைய 680,000 சதுர கிலோமீற்றர் பரப்புடையது. இலங்கையைப் போன்ற பத்து நாடுகளை அதனுள் அடக்கலாம். அதன் தென்மேற்கு மூலை உலகின் மிக வறண்ட இடங்களுள் ஒன்று; அங்கே பல ஆண்டுகள் தொடர்ந்து ஒரு துளி மழையும் பெய்யாதிருத்தல் உண்டு. ஊரும் பயிரும் அற்ற அந்நிலத்தை வரலாறும் அற்ற நிலமென்றே அறிஞர் பலர் நெடுங்காலம் கருதினர். பண்டை எகிப்தியரின் நாகரிகம் மேற்கே பாலைவனச் சோலைகளோடு முடிந்தது என்பதே அவர் கொள்கை.

அக்கொள்கை கடந்த நூறாண்டுகளில் மெல்ல மெல்ல மாறிற்று. அம்மாற்றத்துக்கு வித்திட்ட செய்திகளுட் பல பெரிய அகழாய்வுக் குழுக்களாற் கிடைத்தவையல்ல. தம் பொருளையும் ஓய்வையும் செலவிட்டுப் பாலை புகுந்த தனிப் பயணிகளாற் கிடைத்தவை. அவர்கள் யாவர், எம்முறையால் ஆராய்ந்தனர், அவர் சென்ற வழியே பின்னர்ச் சென்றோரால் விளைந்த கேடு யாது என்பனவற்றை எடுத்துரைப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பழம்பொருள் கிடக்கும் நிலை

பாலைவனத்தின் பழமையை ஆராய்வோர் முதற்கண் அறியவேண்டியது ஒன்றுண்டு. ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் காலந்தோறும் மண் படிந்து படைகளாக அமைகின்றது. கீழ்ப்படையிற் கிடைக்கும் பொருள் முந்தியது, மேற்படையிற் கிடைப்பது பிந்தியது என்று ஆராய்ச்சியாளர் துணிவர். பாலைவனத்தில் நிகழ்வதோ இதற்கு மறுதலை. அங்கே காற்று மண்ணை அள்ளிச் செல்கின்றது. ஆகவே, ஏழாயிரம் ஆண்டுக்கு முன் ஒருவன் கைவிட்ட அரைகல்லும் நாலாயிரம் ஆண்டுக்கு முன் உடைந்த பானையும் நேற்றைய பயணி எறிந்த தகரப் பேணியும் ஒரே தரையில் அருகருகே கிடத்தல் கூடும்.

இந்நிலையில் ஒரு பொருளின் வரலாற்றை உரைப்பதற்குப் படைகள் இல்லை. அது கிடக்கும் இடமும் அதன் அயலிலுள்ள பிற பொருள்களுமே சான்றாகும். ஒரு பானையை எடுத்து நூதனசாலையில் வைத்தால், அது பானையாகவே எஞ்சும். இருந்த இடத்தில் இருக்கும்போதே அது ஒரு வழியையும், அவ்வழியே சென்ற மாந்தரையும், அவர்தம் நீர் வேட்கையையும் எடுத்துரைக்கும். இவ்வுண்மை பின்வரும் வரலாறு முழுவதற்கும் திறவுகோல் எனலாம்.

ஹசனெயின் கண்ட செதுக்கோவியங்கள்

எகிப்தியரான அஹமது ஹசனெயின் ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்திற் பயின்றவர். அவர் 1923இல், மத்தியதரைக் கடற்கரையிலுள்ள சொல்லும் என்னும் ஊரிலிருந்து சூடான் நாட்டின் எல் ஓபெயித் வரை, ஏறக்குறைய 2200 மைல் தூரத்தை ஒட்டகச் சாத்துடன் கடந்தார். அரசரின் ஆதரவு அவருக்கு இருந்ததாயினும், பயணத்தின் பொறுப்பு முழுவதையும் தாமே தாங்கினார். அதுவரை நிலப்படங்களில் இடம்பெறாதிருந்த ஆர்க்கெனு, உவெய்னாத் என்னும் இரு மலைகளின் இடத்தை அப்பயணத்தில் அவர் வரையறுத்தார். நாள்தோறும் கடந்த தூரத்தைக் குறித்தும், விண்மீன்களை நோக்கி அகலக்கோட்டைக் கணித்தும் அவர் கொணர்ந்த குறிப்புகளை, எகிப்திய நில அளவைத் திணைக்களத்தைச் சேர்ந்த ஜோன் போல் என்னும் அறிஞர் சீர்தூக்கி நிலப்படத்திற் சேர்த்தார். இலண்டன் அரச புவியியற் கழகம் 1924இல் ஹசனெயினுக்குப் பொற்பதக்கம் வழங்கிற்று.

நிலப்படத்தினும் சிறந்த ஒரு செய்தி உவெய்னாத் மலையில் அவருக்குக் கிட்டியது. அங்குள்ள பாறைகளில் ஒட்டகச்சிவிங்கி, தீக்கோழி, மான், பசு முதலியன செதுக்கப்பட்டிருந்தன. அவற்றைச் செய்தவர் யாவர் என வினவியபோது, ஜின்கள் என்னும் பூதங்களின் வேலை அது என்று அவ்விடத்தார் விடையிறுத்தனர். ஹசனெயின் அவ்விடையை எள்ளவுமில்லை, ஏற்கவுமில்லை; தம் கண்ணாற் கண்டதைக் கொண்டு சிந்தித்தார். ஒட்டகச்சிவிங்கி இத்தகைய வறண்ட நிலத்தில் வாழாது. ஆகவே செதுக்கிய காலத்தில் நிலம் இவ்வாறு வறண்டிருத்தல் இயலாது. பாலைவன வாழ்வின் உயிர்நாடியாகிய ஒட்டகமோ ஓவியங்களில் இல்லை. ஆகவே அவை ஒட்டகம் ஆசியாவிலிருந்து ஆபிரிக்காவுக்கு வருவதற்கு முற்பட்டவையாதல் வேண்டும். இருப்பதைக் கொண்டு ஒன்றும், இல்லாததைக் கொண்டு மற்றொன்றுமாக அவர் செய்த இவ்வூகங்கள் இரண்டும் பின்வந்த ஆராய்ச்சிகளால் உறுதியடைந்தன. பழமையை ஆராயும் பயணிக்குக் கருவியினும் இன்றியமையாதது கண்ட பொருளிடத்து வினா எழுப்பும் பழக்கமே என்பதற்கு இது தக்க சான்றாகும்.

பக்னோல்டும் மணலின் இயல்பும்

எகிப்தில் பணியாற்றிய ஆங்கிலேய இராணுவ அலுவலர் சிலர், 1920களின் பிற்பகுதியில், தம் விடுமுறைக் காலத்தில் மோட்டார் வண்டிகளிற் பாலை புகத் தொடங்கினர். அவருள் தலையாயவர் றால்ஃப் பக்னோல்ட் (1896 – 1990). செலவு முழுவதையும் அவர்களே பகிர்ந்துகொண்டனர். 1929, 1930, 1932 ஆகிய ஆண்டுகளில் அவர்கள் மேற்கொண்ட பயணங்களுள் இறுதியானது ஏறக்குறைய 6000 மைல் நீண்டது. செர்சூரா என்னும் மறைந்த சோலையைத் தேடுவதே தொடக்கத்தில் அவர்களை ஈர்த்தது. புதையல் தேடுவோருக்கென இடைக்காலத்தில் எழுதப்பட்ட அரபு நூலொன்று அச்சோலையை வெண்ணிற நகரமாக வருணிக்கின்றது. செர்சூரா கிட்டவில்லை, அதனைத் தேடிய முயற்சியிலே பாலைப் பயணத்தின் முறைகள் உருவாயின.

வண்டியின் இரும்பு காந்த ஊசியைத் திரியச் செய்யும். அதற்கு மாற்றாகப் பக்னோல்ட் ஞாயிற்றுத் திசைகாட்டியைச் செப்பஞ் செய்தார். வட்டத் தட்டின் நடுவே நிறுத்திய ஊசியின் நிழல், நேரத்துக்கேற்ப எக்கோட்டில் விழவேண்டுமோ அக்கோட்டில் விழுமாறு வண்டியைச் செலுத்தினால் திசை தவறாது. மென்மணலிற் சில்லுகள் புதையாதிருக்க ரயர்களிலுள்ள காற்றைக் குறைத்தனர்; புதைந்தவிடத்து நீண்ட உருக்குத் தகடுகளைச் சில்லுகளின் கீழ் இட்டு வண்டியை மீட்டனர். இயந்திரத்தைக் குளிர்விக்கும் நீர் கொதித்து ஆவியாகி வீணாகாதபடி, அவ்வாவியை ஒரு பாத்திரத்திற் செலுத்தி மீண்டும் நீராக்கினர். நீரே உயிராகிய இடத்தில் இது சிறு செயலன்று.

ஆயினும், பக்னோல்டின் பெருமை வழி கண்டதில் மட்டும் அமையவில்லை. உயிரற்ற மணல் ஒழுங்கான குன்றுகளாக எழுந்து, தம் உருவங் கெடாது இடம்பெயர்வது எங்ஙனம் என்னும் வினா அவர் உள்ளத்தை விட்டு நீங்கவில்லை. 1935இல் இராணுவத்தினின்றும் ஓய்வு பெற்றபின், காற்றோட்டக் குழாயொன்றைத் தாமே அமைத்து, மணலின் அசைவை அளந்தார். மணல்மணி பறவைபோலப் பறப்பதில்லை. தரையில் மோதித் தத்தித் தத்திச் செல்கின்றது. மோதும்போது வேறு மணிகளையும் கிளப்பிவிடுகின்றது என்பதை விளக்கினார். தம் முடிவு மெய்தானோ என்பதைத் தேர 1938இல் மீண்டும் பாலைக்குச் சென்றார். அப்பயணத்தில் தொல்பொருள் ஆராய்ச்சியாளரையும் தம்முடன் அழைத்துச் சென்றமை கருதத்தக்கது. 1941இல் வெளிவந்த அவருடைய நூல் இத்துறைக்கு அடிப்படையாயிற்று; 1944இல் இலண்டன் றோயல் கழகம் அவரை உறுப்பினராக்கியது. செவ்வாய்க் கிரகத்தின் மணற்குன்றுகளுள் ஒரு தொகுதி இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

குகை ஓவியங்களும் மாறிய நிலமும்

அக்காலத்து அலைந்தவர்களுள் மற்றொருவர் ஹங்கேரி நாட்டினரான லஸ்லோ அல்மாஷி. கொழும்பிற் பிறந்த மைக்கேல் ஒண்டாச்சி 1992இல் எழுதிய ஆங்கில நாவலால் இவர் பெயர் உலகெங்கும் பரவிற்று. நாவலின் தலைவன் கற்பனை மாந்தன். மெய்யான அல்மாஷியின் வரலாறு வேறு. அவர் 1933இல், கில்ஃப் கெபீர் என்னும் பெரிய மேட்டுநிலத்தின் மேற்கு ஓரத்தில், வாடி சூரா என்னுமிடத்தில் ஓவியங்கள் நிறைந்த குகையொன்றைக் கண்டார். கைகளை முன்னே நீட்டி மிதப்பன போன்ற சிறு மனித உருவங்கள் அதன் சுவரிலே தீட்டப்பட்டிருந்தன. நீந்துவோர் குகை என அது பெயர் பெற்றது. அவை நீந்துவோரைக் குறிக்கவில்லை, இறந்தோரின் உயிர்களைக் குறிக்கின்றன என்று கருதும் அறிஞரும் உளர்.

அவ்வுருவங்கள் எதைக் குறிப்பினும், அங்கே ஒருகால் மாந்தர் வாழ்ந்தனர் என்பதில் ஐயமில்லை. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்பது தமிழ் மரபு. கிழக்குச் சகாராவின் வரலாறும் அதனையே நினைவூட்டுகின்றது. ஜேர்மனியின் கேல்ன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் பல ஆண்டுகள் அகழ்ந்து கண்ட முடிபின்படி, கி.மு. 8500 அளவில் பருவமழை வடக்கு நோக்கிப் பரவ, பாலை புல்வெளியாயிற்று, மக்கள் குடியேறினர். கி.மு. 5300 அளவில் மழை பின்வாங்கவே, அவர்கள் மலையடிவாரங்களுக்கும் தெற்குக்கும் நைல் கரைக்கும் பெயர்ந்தனர். எகிப்தின் நாகரிகம் தோன்றுதற்குப் பாலையின் வறட்சியும் ஒரு காரணம் என்பது இதனாற் பெறப்படும்.

தனிப் பயணிகளின் பங்கு அத்துடன் முடியவில்லை. 2002இல் அஹமது மெஸ்தெகாவி என்னும் எகிப்தியரும் ஃபொஜினி என்னும் இத்தாலியரும், நீந்துவோர் குகைக்குச் சில கிலோமீற்றர் தொலைவில், ஆயிரக்கணக்கான உருவங்கள் கொண்ட இன்னொரு குகையைக் கண்டனர். தலையற்ற விசித்திர விலங்குகள் தீட்டப்பெற்றமையால் அது விலங்குகளின் குகை எனப்படுகின்றது. பின்னர் கேல்ன் பல்கலைக்கழகத்தார் அதனை முறையாக அளந்து, ஓவியங்கள் அனைத்தையும் பதிவுசெய்து 2013இல் நூலாக வெளியிட்டனர். பயணி கண்டான், அறிஞர் ஆராய்ந்தனர். இவ்விரண்டும் இணைந்தபோதே கண்டது அறிவாயிற்று.

பானைகள் காட்டிய வழி

இவ்விணைப்பின் பயனை மிகத் தெளிவாகக் காட்டுவது அபு பல்லாஸ் வழியின் வரலாறு. தக்லா என்னும் சோலைக்குத் தென்மேற்கே ஏறக்குறைய 200 கிலோமீற்றர் தூரத்தில், நீரற்ற வெளியிலே தனித்து நிற்கும் ஒரு குன்றின் அடியில், பெரிய மட்பானைகள் பல குவிந்து கிடந்தன. முதல் உலகப் போரின் இறுதிக் காலத்தில் அதனைக் கண்டவர் முன்னர்க் கூறிய ஜோன் போல். அபு பல்லாஸ் என்பது 'பானைகளின் தந்தை' எனப் பொருள்படும். மேற்கிலிருந்து வந்து தக்லாவைச் சூறையாடிய கள்வர் நீர் சேமித்த இடம் அது என்றும், அவரைத் துரத்திச் சென்ற ஊரார் பானைகளை உடைத்தனர் என்றும் ஒரு கதை சோலை மக்களிடையே வழங்கிற்று. பானைகள் சில நாலாயிரம் ஆண்டுக்கு மேற்பட்டவை என்பது பின்னர்த் துணியப்பட்டது. ஆயினும், அவை வனாந்தரத்தின் நடுவே எதற்காக வைக்கப்பட்டன என்னும் வினாவுக்கு எண்பது ஆண்டுகளாக விடை கிட்டவில்லை.

விடையைக் கொணர்ந்தவர் கார்லோ பேர்க்மன் என்னும் ஜேர்மானியர். எந்த நிறுவனத்தையும் சாராது, மோட்டார் வண்டியையும் நாடாது, ஒட்டகங்களுடன் பல ஆண்டுகள் பாலையில் நடந்தவர் அவர். 1999 – 2000 பருவத்தில், தக்லாவுக்கும் கில்ஃப் கெபீருக்கும் இடையே வரிசையாக அமைந்த முப்பது அளவான பழைய இடங்களை அவர் கண்டறிந்தார். மோட்டாரில் விரைவோருக்குச் சிறு கற்குவியலாகத் தோன்றுவது, நடந்து செல்வோனுக்கு முன்னோர் நட்ட வழிக்குறியாகத் தோன்றும். அக்குறிகளைப் பின்பற்றியே அவர் சென்றார்.

கேல்ன் ஆராய்ச்சியாளர் அவ்விடங்களை ஆராய்ந்து உண்மையை விளக்கினர். வழியின் நீளம் ஏறக்குறைய 400 கிலோமீற்றர். இடையிற் கிணறு இல்லை. அக்காலத்து எகிப்தில் ஒட்டகமும் இல்லை. சுமை தூக்கியவை கழுதைகளே. கழுதையோ இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறையேனும் நீர் அருந்தவேண்டும். ஆகவே, இரண்டு மூன்று நாட்பயணத்துக்கு ஓரிடமாக, ஏறக்குறைய 30 லீற்றர் கொள்ளும் பானைகளிற் சோலையிலிருந்து நீர் கொண்டுவந்து முன்னரே சேமித்து வைத்தனர். தனித்துக் கிடந்தபோது புதிராக இருந்த அபு பல்லாஸ், ஒரு நெடுஞ்சாலையின் நடுவிலமைந்த தண்ணீர்ப்பந்தல் என்பது இவ்வாறு விளங்கிற்று. இடத்தைக் கொண்டே பொருள் பேசும் என முன்னர்க் கூறியதன் கருத்து இதுவே.

அவ்வழி கில்ஃப் கெபீருடன் முடிந்ததா? 2007ஆம் ஆண்டின் இறுதியில் மார்க் போர்டா, மஹ்மூத் மராயி என்னும் இரு பயணிகள் உவெய்னாத் மலையில் எகிப்திய எழுத்துப் பொறித்த பாறையொன்றைக் கண்டனர். கி.மு. 2000 அளவில் ஆண்ட மெந்துஹோத்தெப் மன்னனின் பெயரும் உருவமும் அதில் உள்ளன. யாம், தெக்ஹெபெத் என்னும் நாட்டினர் அவனுக்குத் திறை செலுத்தும் செய்தியும் உண்டு. யாம் என்பது அறிஞருக்குப் புதிய பெயரன்று. அதற்கு முந்நூறு ஆண்டு முற்பட்ட ஹார்கூஃப் என்னும் அலுவலன், யாம் நாட்டுக்குச் சென்று முந்நூறு கழுதைகளில் நறும்புகைப் பொருளும் கருங்காலியும் யானைத் தந்தமும் கொணர்ந்த வரலாற்றை, அஸ்வானுக்கு எதிரேயுள்ள தன் கல்லறையிற் பொறித்துள்ளான். அந்நாடு நைல் நதியின் மேற்பகுதியில் இருந்தது என்றே பலரும் கருதிவந்தனர். நதியிலிருந்து அறுநூறு கிலோமீற்றருக்கும் அப்பாலுள்ள மலையில் அப்பெயர் காணப்பட்டமையால் அக்கருத்தை மீண்டும் ஆராயவேண்டியதாயிற்று. எகிப்தியர் சோலைகளுக்கு அப்பாற் செல்லவில்லை என்ற பழைய கொள்கையோ அடியோடு வீழ்ந்தது.

பயணியின் கடமை

மேற்கூறியோரின் முயற்சிகளைத் தொகுத்து நோக்கின், சில பொது நெறிகள் புலப்படும். முதலாவது, பாலைக்குச் செல்லும் வழி நூலகத்தினூடாகச் செல்கின்றது. முன்னோர் எழுதிய பயண நூல்களையும் பழைய நிலப்படங்களையும் கல்லாது செல்பவன் முன்பே கண்டவற்றைப் புதியனவென மயங்குவான். புதியனவற்றைக் காணாது கடப்பான். இரண்டாவது, அந்நிலத்து மக்களின் கதைகளைச் செவிமடுத்தல் வேண்டும். கதை வரலாறு ஆகாது. எனினும் வரலாறு கிடக்கும் திசையை அது சுட்டுவதுண்டு. மூன்றாவது, அன்றன்று அளந்து அன்றன்றே எழுதுதல். இடம், நாள், தூரம், திசை என்பன குறிக்கப்படாத நிழற்படம் அழகிய படமாகுமேயன்றிச் சான்றாகாது. நான்காவது, கண்ட பொருளைக் கண்டவிடத்தே விட்டு, குறிப்பினை மட்டும் கற்றோர் கையில் ஒப்படைத்தல்.

நான்காம் நெறியைப் பேணாதோரால் விளைந்த கேடு பெரிது. அபு பல்லாசில் முன்னர் முழுமையாகக் கிடந்த பானைகள் பல மறைந்து, இன்று எஞ்சியவை பெரும்பாலும் உடைந்த ஓடுகளே. படம் எடுக்கும்போது நிறம் தெளிவாகத் தெரியவேண்டுமென்று நீர் தெளித்தவர்களால் வாடி சூராவின் ஓவியங்கள் பழுதுற்றன. பல்லாயிரம் ஆண்டுக் காற்றுக்கும் வெயிலுக்கும் தப்பியவை சில கைகளின் ஆசைக்குத் தப்பவில்லை. எகிப்திய அரசு 2007இல் கில்ஃப் கெபீர்ப் பகுதியைப் பாதுகாக்கப்பட்ட தேசியப் பூங்காவாக்கியது. மறு ஆண்டில் அங்கே பயணிகள் கடத்தப்பட்டபின் அனுமதி விதிகளும் கடுமையாயின. அரசின் காவல் வேண்டியதே. ஆயினும், எல்லை காணாத வெளியில் ஒவ்வொரு பாறைக்கும் ஒரு காவலனை நிறுத்துதல் எவ்வரசுக்கும் இயலாது. இறுதிக் காவல் பயணியின் உள்ளத்திலேயே அமைதல் வேண்டும்.

தனிப் பயணிக்கு மேலதிகாரி இல்லை. கணக்குக் காட்டவேண்டிய கட்டாயமும் இல்லை. அச்சுதந்திரமே பிறர் செல்லாத வழியில் அவனைச் செலுத்துகின்றது. அதுவே அவன் கையைத் தடுப்பார் இல்லாமலும் செய்கின்றது. நாலாயிரம் ஆண்டுக்கு முன் கழுதைகள் நடந்த தடம் அப்பாலையின் சில இடங்களில் இன்றும் தெரிகின்றது. 1930களில் ஓடிய மோட்டார் வண்டிகளின் சில்லுத் தடமும் அதன் அயலே மறையாது கிடக்கின்றது. எதனையும் எளிதில் மறவாத நிலம் அது. அங்கு கால்வைப்போர், தாமும் வருங்காலத்தார் ஆராயும் ஒரு தடத்தையே இடுகின்றனர் என்பதை உணர்ந்து நடத்தல் கடனாகும்.